கப்பல் டிக்கெட் வாங்கும் முன்: மத்தியதரைக் கடல் பயணக் கேள்விகள்

போன மாதம் ஐரோப்பியக் கப்பல் பயணம் பற்றி ஒரே ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. மீனாட்சிபுரத்திலிருந்து வாளையாறு வரை இத்தனை குடும்பங்கள் கிளம்பத் தயாராக இருக்கின்றன என்பது மகிழ்ச்சிதான். ஆனால் பலர் பணத்தைக் கட்டிவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். கட்டுவதற்கு முன் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். பிள்ளைகளுக்கு 9 வயதும் 14 வயதும். ஏழு இரவுக்குத் தலைக்கு 65,000 ரூபாய், எல்லாம் சேர்த்து என்கிறார் ஏஜெண்ட். 2,60,000-க்குள் முடிந்துவிடுமா? (ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை)

பதில்: முடியாது, டீச்சர். இந்த 'எல்லாம் சேர்த்து' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. 2018-ல் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு அதே சொல்லை நம்பித்தான் நானும் கப்பலேறினேன். சாப்பாட்டு மேசையில் வைத்த தண்ணீர் பாட்டிலுக்குக் கூடக் காசு என்று கடைசி நாள் பில்லில்தான் தெரிந்தது. என் அம்மா அந்தப் பில்லைப் பார்த்துவிட்டு, "நான் தாகத்தைப் பொறுத்துக்கிட்டிருப்பேனே" என்றார். பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் இன்னும் வலிக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருப்பது, பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள்ளறையில் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு ஆகும் விலை. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுக்கும் பிள்ளைகளுக்குப் பல கப்பல்களில் கட்டணம் குறைவு, சிலவற்றில் இலவசம். ஆனால் துறைமுக வரி அவர்களுக்கும் உண்டு. ஆகவே நான்கு பேருக்கும் ஒரே விலை போட்டிருந்தால், பிள்ளைகளின் சலுகை எங்கே போனது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது, சேவைக் கட்டணம் என்ற பெயரில் தினமும் கணக்கில் ஏறும் டிப்ஸ். தலைக்கு ஒரு நாளுக்கு 12 யூரோ என்று வைத்தால் நான்கு பேருக்கு ஏழு நாளில் 336 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே 33,600 ரூபாய். விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 12 வயது முடிந்தால் பெரியவர் கட்டணம்தான், ஆகவே உங்கள் 14 வயதுப் பிள்ளைக்கும் 90. மொத்தம் 315 யூரோ, இன்னொரு 31,500 ரூபாய். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அப்புறம் விமான டிக்கெட், இன்சூரன்ஸ், முந்தின நாள் தங்கும் அறை, கப்பலில் வைஃபை, குளிர்பானம், ஒவ்வொரு ஊரிலும் இறங்கிச் சுற்றும் செலவு.

ஏஜெண்டிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, சேர்ந்தது எது, சேராதது எது என்று இரண்டு பத்தியாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். டிசிஎஸ் என்று ஒரு தொகை வசூலித்தால் பயப்பட வேண்டாம், அது சட்டப்படியான வரிப் பிடித்தம். பேன் எண்ணைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சின்ன ரைஸ் குக்கர் ஒன்று எடுத்துப் போகலாமா? (நெம்மாறை)

பதில்: கூடாது. தீ விபத்து பயத்தால் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ரோம், நேப்பிள்ஸ், சாண்டோரினி, துருக்கியில் குசாதாசி, பிறகு ஏதென்ஸ். ஏஜெண்ட் ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதும் என்கிறார். சரியா? (வேலந்தாவளம்)

பதில்: தவறு. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். இத்தாலியும் கிரீஸும் ஷெங்கன் நாடுகள், துருக்கி இல்லை. குசாதாசிக்குப் போனால் ஷெங்கனை விட்டு வெளியே போனதாகக் கணக்கு. ஏதென்ஸுக்குத் திரும்ப இரண்டாவது நுழைவு வேண்டும். பலமுறை நுழையும் விசா கேட்டு, கப்பலின் முழுப் பயணத் திட்டத்தையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். துனிசியா, மாண்டினீக்ரோ வழியாகப் போகும் கப்பல்களுக்கும் இதேதான். குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. துருக்கிக்கு இந்தியர்களுக்குத் தனி விசா விதிகள் உண்டு. கப்பல் பயணிக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கப்பல் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏஜெண்டின் வாய்வார்த்தை வேண்டாம்.

எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். அந்தக் கெடுவை நம்பி உட்காராதீர்கள், கோடை சீசனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. எங்கள் விமானம் அன்று மதியம் 1.30-க்கு ரோமில் இறங்குகிறது. டிக்கெட் போட்டாயிற்று, பணம் திரும்பாது. சமாளிக்கலாமா? (சித்தூர்)

பதில்: இதைத்தான் போன மாதமும் எழுதினேன், படிக்காமலே டிக்கெட் போடுகிறீர்கள். ரோம் கப்பல் என்று சொல்வது ரோமில் நிற்பதில்லை. 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் நிற்கிறது. கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகவே செக்-இன் மூடிவிடும். குடியேற்ற வரிசை, பெட்டி, போக்குவரத்து எல்லாம் போக என்ன மிஞ்சும்? கொச்சியில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் துபாயிலோ தோஹாவிலோ அடுத்த விமானமும் போய்விடும். அபராதம் கட்டியாவது தேதியை மாற்றி, முந்தின நாளே போய்ச் சேருங்கள். அபராதம் சில ஆயிரம். கப்பலை விட்டால் முழுப் பணமும் போகும்.

கேள்வி: அக்கா, கோவையில் ஒரு மாலில் கூப்பன் எழுதிப் போட்டேன். பரிசு விழுந்திருக்கிறது, கணவரோடு ஓட்டலுக்கு வாருங்கள் என்றார்கள். மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள். ஐந்து வருடம் வருடத்துக்கு ஒரு கப்பல் பயணம் இலவசம் என்று 1,45,000 ரூபாய் கார்டில் வாங்கிக்கொண்டார்கள். பதினொரு மாதமாக எந்தத் தேதி கேட்டாலும் இடமில்லை என்கிறார்கள். என் முட்டாள்தனம் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். (முதலமடை)

பதில்: முட்டாள்தனம் இல்லை, அம்மிணி. அந்த மேஜையைச் சுற்றி மூன்று பேர் மாறி மாறிப் பேசுவார்கள், பின்னால் கைதட்டிக்கொண்டே இருப்பார்கள், "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்பார்கள். யோசிக்க இடம் கொடுக்காமல் இருப்பதுதான் அவர்கள் தொழில். 2011-ல் நானும் அப்படி ஒரு மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவள். ஒரு பைசா திரும்பவில்லை, காரணம் நான் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அதுவே பெரிய காரியம்.

இப்போது செய்ய வேண்டியது இது. ஒப்பந்தம், கார்டு ரசீது, தேதி கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், அவர்கள் மறுத்த பதில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுங்கள். வாயால் சொன்னது எதுவும் ஒப்பந்தத்தில் இருக்காது, ஆகவே அந்த வாட்ஸ்அப் பதில்கள்தான் உங்கள் சாட்சி. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் 15 நாள் கெடு வைத்து எழுதுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். கம்பெனி தமிழ்நாட்டில், நாங்கள் கேரளாவில், கோவைக்கு எத்தனை முறை அலைவது என்று எல்லைக்காரர்கள் எல்லாருமே கேட்கிறீர்கள். அலைய வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. பாலக்காடு மாவட்ட ஆணையம் போதும். இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், உங்களுக்குப் பதினொரு மாதம்தான் ஆகியிருக்கிறது. பணம் மட்டுமல்ல, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஆணையத்தில் எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: போன வருடம் கப்பலில் மகன் போனை அணைக்காமல் வைத்திருந்தான். ரோமிங் பேக் போட்டும் 38,000 ரூபாய் பில். (பொள்ளாச்சி)

பதில்: பாவம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நடுக்கடலில் கரை டவர் எட்டாது. கப்பலுக்குள் செயற்கைக்கோள் வழியாக ஒரு தனி நெட்வொர்க் ஓடும். நாடுகளுக்கான சாதாரண ரோமிங் பேக்கில் அது சேராது. போன் தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். கரை மறைந்ததும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, வேண்டுமானால் வைஃபை மட்டும் திறக்க வேண்டும். உங்கள் பில்லுக்கு, அதிகச் செலவாகிறது என்று எச்சரிக்கை எஸ்எம்எஸ் வந்ததா என்று பாருங்கள். முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் எழுதி எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். வாடிக்கையாளர் சேவையில் ஒருவர் 'முடியாது' என்றதும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாமியாருக்கு 68 வயது, முட்டி வலி. எந்த அறை எடுப்பது, எங்கெல்லாம் இறங்கலாம்? (கோவிந்தாபுரம்)

பதில்: அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அங்கே ஆட்டமும் குறைவு, நடையும் குறைவு. அறை எண்ணைக் கப்பலின் தள வரைபடத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். நான் பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்து, ஏழு நாளும் உயிர்காப்புப் படகின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'பார்வை மறைக்கப்பட்டது' என்று வரைபடத்தில் குறியே இருந்தது, விற்றவர் காட்டவில்லை. அறை எண்ணைக் கடைசியில்தான் தருவோம் என்னும் மலிவு டிக்கெட்டும் அவருக்கு வேண்டாம்.

நேப்பிள்ஸில் கப்பல் ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கும். மால்டாவின் வலெட்டாவில் துறைமுக ஓரத்திலிருந்து மேலே தோட்டத்துக்கு லிஃப்டே இருக்கிறது, அவருக்கு அந்த ஊர் பிடிக்கும். சாண்டோரினியில் பெரிய கப்பல் கரையில் நிற்காது. ஆடும் சிறு படகில் மாறி, பிறகு கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும். இன்னொரு வழி 500-க்கு மேற்பட்ட படிகள். அன்று அவர் கப்பலிலேயே இருக்கட்டும். ஃபுளோரன்ஸ் என்று போட்டிருந்தால் அது லிவோர்னோ துறைமுகம், போகவர மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும்.

சொந்தமாக டாக்சி பிடித்துச் சுற்றினால் நேரம் தவறக்கூடாது. கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது.

கேள்வி: மகள் ஆறு மாத கர்ப்பம். டாக்டர் சரி என்கிறார். (தத்தமங்கலம்)

பதில்: டாக்டர் சரி என்றாலும் கப்பல் ஏற்றாது. பெரும்பாலான கப்பல்களில் 24-வது வாரம்தான் எல்லை, அதுவும் பயணம் முடியும் நாளை வைத்துக் கணக்கு. கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

கேள்வி: நேந்திரம் சிப்ஸ், நெய், கறிவேப்பிலை, வாழைப்பழம் கொண்டு போகலாமா? (மீனாட்சிபுரம்)

பதில்: சிப்ஸ் சரி. நெய் கூடாது. வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் ஐந்துக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டாம். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'சாமி', விமான டிக்கெட்டில் ஏஜெண்ட் 'ஸ்வாமி' என்று போட்டுவிட்டார். பரவாயில்லையா? (வாளையாறு)

பதில்: பரவாயில்லை என்று விடக்கூடாது. நம் பக்கத்தில் ரேஷன் கார்டில் மலையாள எழுத்து, ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் தமிழ் எழுத்து என்று ஆளுக்கு மூன்று பெயர். பயணத்துக்குப் பாஸ்போர்ட் பெயர் ஒன்றுதான் கணக்கு. விமானம், கப்பல், விசா, இன்சூரன்ஸ் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து அதுவே வேண்டும். இன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். அவர் செய்த பிழைக்கு அவரே காசு கட்டட்டும்.

கேள்வி: ஏப்ரல், மே விடுமுறையில் போவதா, ஜூலையிலா? (வண்ணாமடை)

பதில்: மே. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் விலையும் சேர்ந்து ஏறும். மே மாதத்தில் கடல் மட்டும் குளிராக இருக்கும், பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: விருந்து இரவுக்குக் கோட்டு கட்டாயமாம். எனக்கு 71 வயது, வேட்டியைத் தவிர வேறு கட்டியதில்லை. (கொழிஞ்சாம்பாறை)

பதில்: பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு தாராளமாகப் போங்கள், ஐயா. அந்தந்த நாட்டு உடையை அந்த இரவில் ஏற்றுக்கொள்வார்கள். கோட்டுக்குச் செலவு வேண்டாம். மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்கும், இடுப்பில் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.