'ஓமா' என்றாலே புற்றுநோயா?

கேள்வி: அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கோலெக்டமி', 'கோலாஸ்டமி' என்று இரண்டு சொற்கள் உள்ளன. இரண்டும் ஒன்றா? முதுகில் உள்ள கட்டிக்கு 'லைப்போமா' என்று எழுதியிருக்கிறார்கள். 'ஓமா' என்று முடிந்தால் புற்றுநோய் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
- ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். லைப்போமா கொழுப்புத் திசுவில் வரும் சாதாரணக் கட்டி, புற்றுநோய் அல்ல. 'ஓமா' என்ற கிரேக்க விகுதி பெரும்பாலும் கட்டியைக் குறிக்கும், அவ்வளவுதான். அது நல்லதா கெட்டதா என்பதை அந்த விகுதி சொல்லாது. மெலனோமாவும் லிம்ஃபோமாவும் புற்றுநோய்கள். ஹிமடோமா என்பது திசுவுக்குள் கசிந்து தேங்கிய ரத்தம். கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது, அது பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். அதனால் முழுச் சொல்லையும் படிக்க வேண்டும். 'கார்சினோமா', 'சார்கோமா' என்று இருந்தால் புற்றுநோய்தான். லைப்போமா வேறு, லைப்போசார்கோமா வேறு.

இனி அறுவை சிகிச்சை. கிரேக்கத்தில் 'டோமே' வெட்டு, 'எக்' வெளியே, 'ஸ்டோமா' வாய். 'டமி' என்று மட்டும் முடிந்தால் வெட்டித் திறந்தார்கள். 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தார்கள். 'ஸ்டமி' என்றால் திறப்பு அமைத்தார்கள். கோலெக்டமியில் பெருங்குடலின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ நீக்குவார்கள். கோலாஸ்டமியில் பெருங்குடலின் முனையையோ ஒரு வளைவையோ வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவருவார்கள். மலம் வெளியே ஒட்டிய பையில் சேரும். இரண்டும் வெவ்வேறு வேலைகள், ஒரே அறுவையில் சேர்ந்து நடப்பதும் உண்டு. அந்தத் திறப்பு தற்காலிகமா நிரந்தரமா என்பது சொல்லில் இருக்காது, மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். மூச்சுக்குழாய் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு சறுக்கும்: ட்ரக்கியாட்டமி, ட்ரக்கியாஸ்டமி இரண்டையும் ஒரே பொருளில் எழுதுகிறவர்கள் ஏராளம்.

அறிக்கைகளில் வரும் வேறு சில விகுதிகள்: 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. அழற்சி என்றால் கிருமித்தொற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; ஆர்த்ரைட்டிஸில் (மூட்டு அழற்சி) பல வகைகளுக்குக் கிருமியே காரணமில்லை, ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. 'ஈமியா' ரத்தம் பற்றியது, 'யூரியா' என்று முடிந்தால் பெரும்பாலும் சிறுநீர் பற்றியது. ரத்த அணுக்களோடு வரும் 'பீனியா' குறைவு, 'ஓசிஸ்' மிகுதி. ஆனால் கல்லீரல் நோயான சிரோசிஸ் போன்ற சொற்களில் 'ஓசிஸ்' வெறும் நோய்நிலையைத்தான் சொல்கிறது.

விகுதியைவிடச் சொல்லின் முன்பகுதியில்தான் ஆபத்தான குழப்பம் வரும். ஹைப்பர்கிளைசீமியா ரத்தத்தில் சர்க்கரை மிகுதி, ஹைப்போகிளைசீமியா குறைவு. சிகிச்சை நேர் எதிர். இந்தச் சொற்களைத் தொலைபேசியில் வாயால் சொல்லாமல், அறிக்கையைப் படமெடுத்து அனுப்புங்கள்.