மாதம் மும்மாரி பொழிகிறதா?

கேள்வி: அரசியலையும் அரசியல்வாதிகளையும் நேருக்கு நேர் கிண்டல் செய்யும் உள்ளூர் நிகழ்ச்சி எதையாவது வருடாவருடம் போய்ப் பார்க்கிறீர்களா? அந்த அனுபவம் எப்படி?

பார்க்கிறேன். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் கூத்து. செய்யாறு பக்கம். வேலை ஒரகடத்தில் என்றாலும், சித்திரையில் பாரதம் வைத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தால் கூத்து நாட்களுக்கு லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுவேன்.

கூத்து என்றதும் புராணக் கதைதானே, இதில் அரசியல் எங்கே என்று கேட்பீர்கள். அரசியல் முழுக்க ஒரே ஆளிடம் இருக்கிறது. அவர் கட்டியங்காரன், ராஜாவின் வருகையைச் சொல்லி, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சிரிக்கவைக்கிற கோமாளி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எங்கள் பக்கம் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ராத்திரி 10 மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை போகும். ராஜா வேஷக்காரர்கள் கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வருவார்கள். கல்யாண முருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த அணிகலன்கள். இந்தக் கட்டைகளை வைத்தே கட்டைக்கூத்து என்ற பெயரும் இருக்கிறது. ஆடுபவர்களில் பலர் தெருக்கூத்து என்பதைவிட அதைத்தான் விரும்புகிறார்கள். கட்டியங்காரனுக்கு மட்டும் கட்டை கிடையாது. கூம்புக் குல்லா, தொளதொளச் சட்டை, கன்னத்தில் வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான். ராஜா செந்தமிழில் பேசுவார், இவர் எங்கள் டீக்கடையில் பேசும் தமிழில் பேசுவார். துரியோதனன் அஸ்தினாபுரத்தில் இருந்து வருகிறவன். கட்டியங்காரன் எங்கள் தெருவில் இருந்து எழுந்துபோய் அங்கே நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒரு வருடம் சூது, துகில் நடந்த இரவைச் சொல்கிறேன்.

அன்று மதியம் டீக்கடையில் சித்தப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். லுங்கி, பனியன், தோளில் துண்டோடு ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். “ஏண்ணா, ஏரில தண்ணி கீதா?” என்று சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பாவுக்கு அது போதும். வயலுக்கு வண்டல் எடுக்கிறோம் என்று அனுமதி வாங்கி, ராத்திரி பகலாக மண்ணை அள்ளி வீட்டுமனைக்கும் செங்கல் சூளைக்கும் ஓட்டிய கதை, தூர் வாரியாச்சு என்று போர்டு வைத்த கதை, மதகுப் பக்கம் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கால்வாய்க்கு ஏறாமல் போன கதை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த மனிதர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை லாரி என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். யாரோ மாட்டு வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு விநாயகர் பாட்டு முடிந்து குல்லா போட்டுக்கொண்டு குதித்து வந்தது அவர்தான்.

திரைக்குப் பின்னால் துரியோதனன் காலில் சலங்கையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். முகவீணை ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். திரை விலகியதும் ராஜா வழக்கமான கேள்வியைக் கேட்டார். கூத்தில் ராஜாக்கள் காலம்காலமாகக் கேட்கிற கேள்வி. “வாரும் பிள்ளாய் கட்டியங்காரா! நமது தேசத்திலே மாதம் மும்மாரி பொழிகின்றதா?”

“பொழியுது ராஜாவே. மூணு மழையும் கரெக்டா வருது. வந்தா தங்கறதுக்குத்தான் எடம் இல்ல.”

“ஏனடா, நமது முன்னோர் வெட்டுவித்த ஏரி என்னவாயிற்று?”

“ஏரி ஏறிடுச்சு ராஜாவே.”

“எங்கேயடா ஏறியது?”

“லாரில.”

கூட்டம் அப்படியே எழுந்து உட்கார்ந்தது. பாயில் படுத்திருந்த கிழவிகள்கூட எழுந்துவிட்டார்கள். ராஜா விடவில்லை. ஏரியைத் தூர் வாரியதாக நமது ஓலையிலே எழுதியிருக்கிறதே என்றார்.

“தூர் வாரல ராஜாவே. ஊர வாரினாங்க.”

முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஊராட்சித் தலைவர் உட்கார்ந்திருந்தார். திருவிழாவுக்குப் பெரிய தொகை கொடுத்தவர், அதனால் முன்வரிசை. கட்டியங்காரன் ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை. பெயரும் இல்லை, கட்சியும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் எண்ணூறு ஆயிரம் பேரும் அவருடைய பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பக்கவாட்டில் இருந்ததால் முகம் தெரிந்தது. முதலில் சிரிப்பு வரவில்லை. துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரும் சிரித்தார். சிரிக்காமல் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து போகவும் முடியாது, அது அம்மன் சன்னதி.

“குடிகளெல்லாம் நலமா?” என்று ராஜா அடுத்ததைக் கேட்டார்.

“நூறு நாள் நலம் ராஜாவே. மீதி எரநூத்து அறுவத்தஞ்சு நாள் ஒங்க புண்ணியம்.” நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் பக்கத்தில் இருந்து வந்த சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வேலை பார்த்தும் கூலி வராமல் காத்திருந்தவர்கள் அதில் பாதிப் பேர்.

கூத்தில் அன்பளிப்பு வந்தால் கதையை நிறுத்திவிட்டு, கொடுத்தவர் பெயரைச் சொல்லி வாழ்த்துவது வழக்கம். தலைவர் 500 ரூபாய் கொடுத்தனுப்பினார். கட்டியங்காரன் அவர் பெயரையும் அப்பா பெயரையும் மரியாதையாகச் சொல்லி, பிள்ளை குட்டிகளோடு நீடூழி வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தினார். நோட்டைக் கண்ணில் ஒற்றி ஆர்மோனியக்காரரிடம் கொடுத்தார். திரும்பி ராஜாவிடம், “ஐந்நூறு வந்துச்சு ராஜாவே. ஏரி வரல” என்று விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிற எத்தனையோ பேரைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இதற்கு எழுதிவைத்த வசனம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். நாடகத்தைப் பார்த்து அரசுகள் பயந்த வரலாறு நமக்கு நீளம். வெள்ளைக்காரன் 1876-ல் ஒரு நாடகச் சட்டம் போட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு 1954-ல் நம் மாநிலமே ஒன்று போட்டது; சென்னையில் நாடகம் போட வேண்டுமென்றால் கதை வசனத்தைப் போலீஸில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. கட்டியங்காரன் மதியம் டீக்கடையில் கேட்டதை ராத்திரி சொல்கிறவர். அதை எந்தத் தாளில் எழுதி யாரிடம் கொடுப்பது?

ஒலிபெருக்கி விதி மட்டும் கூத்தையும் விடவில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. சாதாரண வருடங்களில் எப்படியோ நடந்துவிடும். தேர்தல் வந்தால் கெடுபிடி. 2024-ல் மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவித்தார்கள், எங்கள் கூத்து மாதங்கள் அப்படியே அதற்குள் விழுந்தன. சரியாக 10 மணிக்கு மைக்கை நிறுத்தச் சொன்னார்கள். கூத்தாடிகள் மைக் இல்லாமலே ஆடினார்கள். நாங்கள் பாயை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். வருடத்துக்கு நாலைந்து மாதம் ஆடி அதில் வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். ஊர் ஊராக மேடை போட்டு ஓட்டுக் கேட்கிற அதே மாதங்களில் கட்டியங்காரன் வாயை அடைப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை, இன்றைக்கும்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் துகில். அதுவரை சிரிக்கவைத்த ஆள் அப்போது என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது.

துச்சாதனன் பாஞ்சாலியின் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கூத்து நின்றது. ஆடுகிறவர் கற்பூரம் ஏற்றி, தாயே, வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்கிறேன், பொறுத்துக்கொள் என்று கும்பிட்டார். பெண்கள் பக்கம் இரண்டு பேருக்கு அருள் வந்துவிட்டது. கட்டியங்காரன் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். வியர்வையில் கன்னத்துப் பொட்டுகள் கரைந்து வழிந்திருந்தன. பீஷ்மர், துரோணர் என்று சபைப் பெரியவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாஞ்சாலி பாடி அழுகிறாள். யாரும் பேசவில்லை. அப்போது இவர் இரண்டு அடி முன்னால் வந்தார். சபையைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

“இவ்ளோ பேரு குந்திக்கினு கீறீங்களே. ஒருத்தருக்குமா வாய் இல்ல?”

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். லாரி போனபோது அதன் நம்பரைக்கூட நாங்கள் யாரும் குறித்துவைக்கவில்லை.

அதற்குச் சரியாகப் பதின்மூன்றாவது நாள் மே 1, கிராம சபை. நூறு நாள் வேலை பார்க்கும் ஒரு பாட்டி எழுந்தார். அவருக்கு மனு எழுதத் தெரியாது. “ஏரி எந்த லாரில ஏறிச்சு? அதக் கொஞ்சம் படிங்க” என்றார். பின்னாலேயே நாலைந்து பெண்கள் எழுந்தார்கள், அப்புறம் சித்தப்பா. அன்று கணக்கைப் படிக்கவில்லை. கணக்கு நோட்டு கையில் இல்லை, ஆகஸ்ட் 15-க்குக் கொண்டுவருகிறோம் என்றார்கள். ஆகஸ்ட் 15 அன்று பாட்டி முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். படித்தார்கள். பாதிக் கணக்கு இடித்தது. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதவைத்து, சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பள்ளம் இன்னும் மூடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ராத்திரியில் லாரி வரவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் பங்குனியில் இருந்து ஆடிக்குள் திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கம் வாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு இரவுதான் முடியும் என்றால் துகில் அன்று வாருங்கள். மதியமே வந்து டீக்கடையில் உட்காருங்கள். பனி இறங்கும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பாய் எங்கள் வீட்டில் இருக்கிறது.