சவரத்திற்கு வெந்நீரா, தண்ணீரா?

கேள்வி: அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில், குழாய்த் தண்ணீரை முகத்தில் தெளித்து, சோப்பு தடவிச் சவரம் செய்துகொள்கிறேன். கழுத்தில் எரிச்சலும் சிவந்த பொரிகளும் வருகின்றன. வெந்நீர் மயிர்த்துளைகளைத் திறக்கும் என்கிறார் மாமா. தண்ணீரே தோலுக்கு நல்லது என்கிறார் சலூன்காரர். யார் சொல்வது சரி?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: தோலின் துளைகளுக்குக் கதவுபோலத் திறந்து மூடும் தசைகள் கிடையாது, ஆகவே மாமா சொல்லும் காரணம் சரியன்று. ஆனாலும் அவர் சொல்லும் வழக்கத்தில் பயன் உண்டு. தாடிமயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அது நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகும்போது, அதை வெட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீர் இந்த ஊறலை விரைவுபடுத்துவதோடு, மயிரின் மேல் படிந்த எண்ணெய்ப்பசையையும் நீக்குகிறது. தண்ணீரிலும் மயிர் ஊறும். சற்றுக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

உங்கள் எரிச்சலுக்கு நீரின் சூட்டைவிட உங்கள் அவசரமே காரணம் என்று கருதுகிறேன். ஊறாத மயிரின் மேல் பிளேடை ஓட்டும்போது கை தானாகவே அழுத்துகிறது. ஒரே இடத்தில் நான்கைந்து முறை இழுக்கவும் நேர்கிறது. குளித்து முடித்த கையோடு சவரம் செய்து பாருங்கள். இல்லையேல் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் தாடையிலும் கழுத்திலும் வைத்திருங்கள். கழுத்தில் மயிர் ஒரே திசையில் வளர்வதில்லை. விரலால் தடவி அறிந்து, அது வளரும் போக்கிலேயே மழியுங்கள். சுருண்ட மயிரை எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால், அதன் கூர்முனை வளரும்போது தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு நீங்கள் சொல்லும் பொரிகளை உண்டாக்கும்.

நம் ஊர் நிலைமையையும் இங்கே கருத வேண்டும். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டியிலிருந்து பிற்பகலில் வருவதே வெந்நீர்தான். அதை மேலும் காய்ச்சத் தேவையில்லை. மிகுந்த சூடு தோலின் இயற்கையான எண்ணெயைக் கழுவி, அதை வறளச் செய்துவிடும். மார்கழி விடியலில் வேண்டுமானால், கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஒரு சொம்பு போதும்.

இதைவிடப் பெரிய தொல்லை கடின நீர். கடலூரிலும் புதுச்சேரியிலும் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில், கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடுவதால், நுரை நிற்பதில்லை. நுரை இல்லாத இடத்தில் பிளேடு தோலையே சுரண்டுகிறது. கொதிக்க வைத்து ஆறவைத்தால் இக்கடினத்தின் ஒரு பகுதி வெள்ளைப் படிவாகத் தங்கும். குளோரைடு, சல்பேட்டு உப்புகளால் வரும் கடினம் அதில் நீங்காது. அப்படிப்பட்ட வீட்டில், நுரை குழைப்பதற்கு மட்டும் ஒரு தம்ளர் சுத்திகரித்த குடிநீரையோ, ஐப்பசி மழையில் பிடித்து வைத்த நீரையோ பயன்படுத்துங்கள்.

சலூன்காரர் சொல்வது சவரம் முடிந்த பின்புக்கு முழுவதும் பொருந்தும். குளிர்ந்த நீர் பட்டால் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிச் சிவப்பும் எரிச்சலும் தணியும். பிறகு முகத்தைத் தேய்க்காமல், துண்டால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: சவரத்துக்குப் பின் படிகாரம் தேய்ப்பது நல்லதா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சிறு வெட்டுகளில் கசியும் இரத்தத்தை நிறுத்தப் படிகாரம் நல்லது, அதன் துவர்ப்புத் தன்மை தோலை இறுக்குகிறது. வறண்ட தோலுள்ளவர்கள் நாள்தோறும் முகம் முழுவதும் தேய்க்க வேண்டாம். ஒருவர் இரத்தம் பட்ட கல்லை மற்றொருவருக்குத் தேய்ப்பது பிளேடைப் பகிர்வது போலவே ஆபத்தானது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவக் கூடியவை. சலூனுக்குப் போகும்போது புதுப் பிளேடு கேட்பதைப் போல, உங்களுக்கென்று ஒரு சிறு கல்லையும் கொண்டு செல்லுங்கள்.