பேசுவதற்கு ஒரு எம்.டி.யா?

ஐயா, வணக்கம். ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போகும் உங்கள் மகள் எம்.டி. சமூக மருத்துவம்தான் எடுப்பேன், பேரிடர் நடந்த ஊர்களில் மக்களுக்கு நோய் அபாயத்தை எடுத்துச் சொல்லும் வேலைக்குப் போவேன் என்கிறாள். "பேசுவதற்கு ஒரு எம்.டி.யா?" என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பாவுக்கு அந்தக் கவலை வரும்தான்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில், காலில் சின்னக் கீறலோடு இறங்கினாலே தொற்றக்கூடும். தடுப்பதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை இருந்தது. அரசே இலவசமாகக் கொடுத்தது. ஆனால் வீட்டில் சேறு வாரிக்கொண்டிருப்பவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் இல்லையே, அவர் எதற்கு மாத்திரை விழுங்குவார்? போதாக்குறைக்கு, சாப்பிடாதீர்கள் என்று சமூக ஊடகத்தில் ஒரு பிரசாரம் வேறு ஓடியது. மாத்திரையைக் கையில் கொடுப்பது சுலபம். அதை விழுங்க வைப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

ஜப்பானில் 2011 மார்ச்சில் புகுஷிமா அணு உலை விபத்து நடந்தபோது, துணியை வெளியே காயப்போடலாமா, குழாய்த் தண்ணீரில் குழந்தைக்குப் பால் கரைக்கலாமா என்று தாய்மார்கள் கேட்டார்கள். கதிர்வீச்சு பற்றி அதிகம் படிக்காத டாக்டர்களும் நர்சுகளும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கதிர்வீச்சை அளக்கும் மில்லிசீவர்ட் கணக்கை ஒப்பித்தால் அந்தத் தாய்க்கு என்ன புரியும்? பிறகு 2016-இல் நாகசாகி பல்கலைக்கழகமும் புகுஷிமா மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பேரிடர், கதிர்வீச்சு மருத்துவத்துக்கென்றே முதுநிலைப் படிப்பு தொடங்கின. செவிலியருக்கும் அதில் இடம் உண்டு.

அபாயத்தை எடுத்துச் சொல்லக் கற்றுத்தரும் பயிற்சியில் நடித்துப் பார்ப்பது ஒரு முக்கியமான பாடம். ஒருவர் முகாமில் இருக்கும் தாய், இன்னொருவர் டாக்டர். டாக்டர் எடுத்த எடுப்பில் "பயப்படாதீங்கம்மா" என்றால் ஆசிரியர் அங்கேயே நிறுத்தச் சொல்வார். அந்த ஒரு வார்த்தையில் தாய் வாயை மூடிக்கொள்வாள், அப்புறம் சந்தேகத்தைப் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரிடம்தான் கேட்பாள். என்ன பயம் என்று முதலில் கேட்க வேண்டும். தெரிந்ததைச் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும், மறுபடி எப்போது வந்து சொல்வேன் என்பதையும் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். கேட்க எளிது, அழுதுகொண்டிருக்கும் ஒருவர் முன்னால் செய்வது கடினம்.

சரி, வேலைக்கு வருவோம். எம்.டி. மூன்று வருடம். மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் பணி, பொது சுகாதாரத் துறை, மாநகராட்சி நகர்நல அலுவலர் பதவி, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் என்று வழிகள் உண்டு. சென்னையிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் பொது சுகாதார முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. கிளினிக் வைத்துச் சம்பாதிக்கும் துறை இது இல்லை, அதை மறைக்க மாட்டேன். படிப்புக்கு வாங்கிய கடனை மனதில் வைத்து இருவரும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கவுன்சலிங்கில் விருப்பத்தைப் பதிவு செய்வதற்கு முன், சமூக மருத்துவத் துறையின் முகாம் ஒன்றுக்கு மகளோடு ஒருநாள் போய் வாருங்கள். அவள் பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைக் கவனியுங்கள். அதன்பிறகு எனக்கு எழுதுங்கள்.