கல்பாக்கம் பழைய ரியாக்டருங்க ரொம்ப வருஷம் கம்மி பவர்ல ஓடுச்சாமே, அப்புறம் எப்படி ஏத்துனாங்க?

சென்னைல இருந்து ஈசிஆர்ல மாமல்லபுரம் தாண்டுனா வருமே அந்த கல்பாக்கம்தான், 1984, 86ல ஓட ஆரம்பிச்ச ரெண்டு யூனிட்டு, தலா 220 மெகாவாட், ஆனா நியூட்ரான் வேகத்த கொறைக்கிற மாடரேட்டர் கனநீர உள்ள விடுற மேனிஃபோல்டு (தண்ணிய பிரிச்சு விடுற குழாய் அமைப்பு) உடைஞ்சு போய் 170லயே ஓட்ட வேண்டியதாச்சு. கதிர்வீச்சு இருக்குற எடம், ஸ்பேனர எடுத்துட்டு உள்ள எறங்கிட முடியுமா?

2002ல ரெண்டாவது யூனிட்ட நிறுத்தி, அடுத்து மொதல் யூனிட்ட, ஒவ்வொன்னுலயும் இருந்த 306 கூலன்ட் சேனலையும் (எரிபொருளும் அத குளுத்துற கனநீரும் இருக்குற குழாய்ங்க) உருவிட்டாங்க. பழைய ஜிர்காலாய் (ஜிர்கோனியம் கலந்த உலோகம்) குழாய் ஹைட்ரஜன இழுத்து இழுத்து நொறுங்குற பதத்துக்கு வந்துரும், அதான் அதுக்குப் பதிலா ஜிர்கோனியம்-நியோபியம் குழாய போட்டாங்க. அந்த கேப்புலயே சில சேனல் எடத்துல ஸ்பார்ஜர்னு ஓட்ட போட்ட குழாய சொருகி கனநீருக்குப் புது வழி பண்ணிட்டாங்க (செம மூளை!), மறுபடி 220 வந்துச்சு. மொதல் யூனிட்டு 2018ல திரும்ப நின்னது வேற கதை.