சின்னப் பிள்ளைகளுக்கு மண் வகைகளையும் தண்ணீர் கொதிப்பதையும் ஆபத்தில்லாமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். நான் இந்த இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்துவதில்லை. ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பு: மண்ணைக் கையால் படிக்க வேண்டும், கொதிக்கிற தண்ணீரைக் கண்ணாலும் காதாலும் மட்டும்.

முதலில் மண். படத்தைக் காட்டி "கரிசல், செம்மண், வண்டல்" என்று ஒப்பிக்க வைத்தால் அடுத்த வாரம் ஒன்றும் மிஞ்சாது. நான் மூன்று சிரட்டை எடுத்துக்கொள்வேன். ஒன்றில் எங்கள் ஊர்க் கரிசல், ஒன்றில் கண்மாய் வண்டல், ஒன்றில் திசையன்விளைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த தேரி மணல், அதாவது அங்குள்ள சிவப்பு மணல்மேட்டு மண். கண்ணாடிச் சில்லும் முள்ளும் இல்லாமல் நானே சலித்துவிடுவேன். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டச் சொல்வேன். கரிசல் முறுக்குப் போல நீளும், வளையமாக வளைத்தாலும் உடையாது. வண்டல் உருளும், வளைத்தால் விரிசல் விடும். தேரி மணல் உருட்ட உருட்ட உதிர்ந்துவிடும்.

ஒருநாள் ஒரு பையன் தேரி மணலைக் காட்டி, "டீச்சர், இதுவும் செவப்பாத்தானே இருக்கு, அப்ப செம்மண்தானே?" என்றான். நல்ல கேள்வி. துருப்பிடித்த ஆணி ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். மண்ணுக்குச் சிவப்பு நிறம் வருவது அதிலுள்ள இரும்பால்தான். தண்ணீரைப் பிடித்து வைக்குமா, விட்டுவிடுமா என்பதைப் பெரும்பாலும் துகளின் அளவு சொல்லும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது. கரிசல் வளையத்தை ஜன்னலில் காய வைத்தோம். மறுநாள் அது சுருங்கி வெடித்திருந்தது. "எங்க காடு மாதிரியே இருக்கு டீச்சர்!" என்றார்கள். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களித்துகள் கரிசலில் அதிகம் என்பதை அதற்கு அப்புறம்தான் சொன்னேன். முடிந்ததும் நகம் வரைக்கும் சோப்புப் போட்டுக் கைகழுவல்.

அடுத்து பாட்டில். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், மூடிக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும். களித்துகள் மறுநாளும் மிதந்துகொண்டே இருக்கும். ராமநாதபுரத்துப் பக்கம் ஊருணித் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறம் தேத்தான்கொட்டையைத் தேய்ப்பார்களே, அதையும் இங்கே சொல்லலாம். மேலே தண்ணீர் தெளிந்ததும், "இதைக் குடிக்கலாமா?" என்று கேளுங்கள். பாதி வகுப்பு கை தூக்கும். கொதிக்க வைப்பதைப் பற்றிப் பேச அதுதான் சரியான நேரம். கண்ணுக்குத் தெரியாத கிருமி தெளிந்த தண்ணீரிலும் இருக்கும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சாகும். ஆனால் உப்பும் பூச்சிமருந்தும் கொதித்தாலும் போகாது. அதனால் அந்தப் பாட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகும் குடிக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

அடுப்பு மேடைமேல்தான் இருக்க வேண்டும், தரையில் வேண்டவே வேண்டாம். பாத்திரத்தில் பாதிதான் தண்ணீர், கைப்பிடி சுவர்ப் பக்கம். அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிச் சாக்பீஸால் கோடு போட்டு, பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்து, கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் சத்தமே இருக்காது. பிறகு 'ஸ்ஸ்' என்று இரைச்சல் ஏறும். அடியில் உண்டாகும் நீராவிக் குமிழிகள் மேலே சூடு குறைந்த தண்ணீரில் பட்டு உடைகிற சத்தம் அது. சட்டென்று இரைச்சல் தணிந்து தளதளப்பு மட்டும் கேட்கும். அப்போதுதான் கொதித்திருக்கிறது. கிட்டே போய் எட்டிப் பார்க்காமலே கொதித்ததா என்று சொல்ல முடிகிறதில் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெருமை. இறக்கும்போது ஈரத்துணி கூடாது, சூடு உடனே கைக்கு வந்துவிடும். மூடியை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து, ஏன் என்றும் சொல்லுங்கள்.

ஆனால் என் மகளுக்குச் சுட்டது அடுப்படியில் இல்லை, குளியலறையில். இரண்டு வயது. வாளியில் வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறக்கத் திரும்பினேன், அதற்குள் கையை விட்டுவிட்டாள். தவறு என்னுடையதுதான். தண்ணீர் கொதிக்கவே வேண்டாம், 60 டிகிரி இருந்தாலே சில நொடிகளில் தோல் வெந்துவிடும். ஒருவர் பேஸ்ட் கொண்டுவந்தார், ஒருவர் இட்லி மாவு என்றார். எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு மருத்துவரிடம் போனோம். கை ஆறிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் என் வகுப்பிலும் வாளியில் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் அப்புறம். மகளுக்கு இப்போது ஏழு வயது. காலையில் குழாய் சத்தம் கேட்கும், வாளி பாதி நிரம்பியதும்தான் "அம்மா, வெந்நீர் கொண்டுவா" என்று கூப்பிடுவாள். நான் ஊற்றி முடிக்கும் வரை கதவுக்கு வெளியே நிற்பாள்.