கத்தோலிக்கரான பிரெஞ்சு மன்னர் 13ஆம் லூயி, தன் சொந்த நாட்டு நகரமான லா ரோஷெலையே 1628இல் ஏன் பட்டினி போட்டார்?

மதம் பாதிக் காரணம்தான். 1598ஆம் ஆண்டின் நாந்த் அரசாணை, ஹ்யூகனாட் எனப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்தது. கூடவே கோட்டை நகரங்களையும் படையையும் வைத்துக்கொள்ள விட்டது. ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாடு! லா ரோஷெல் துறைமுகம் அதில் முக்கியமானது. அது இங்கிலாந்தோடு கைகோத்ததும் மன்னரும் அமைச்சர் கார்டினல் ரிஷ்லியூவும் 1627இல் முற்றுகையிட்டார்கள்.

சரி, கடல் வழியாக உணவு வந்தால்? அதையும் அடைத்தார்கள். கல் நிரப்பிய கப்பல்களை மூழ்கடித்து, அவற்றின்மேல் ஏறக்குறைய 1,400 மீட்டர் நீளத்துக்குத் தடுப்பணை. உதவிக்கு வந்த ஆங்கிலேயக் கப்பல்களால் அதைத் தாண்ட முடியவில்லை. அடுத்த படையைத் திரட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயத் தளபதி பக்கிங்ஹாம் பிரபு ஆகஸ்டில் கொலையானார்.

உள்ளே குதிரை, கழுதை தீர்ந்து, தோலை வேகவைத்துத் தின்றார்கள். அக்டோபர் 28இல் நகரம் சரணடைந்தபோது சுமார் 27,000 பேரில் மிஞ்சியவர்கள் 5,000 அளவே.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மதில்களை இடித்தார்கள், ஆனால் புராட்டஸ்டன்ட் வழிபாட்டைத் தடுக்கவில்லை. 1629இல் ஹ்யூகனாட்டுகளோடு செய்த அலேஸ் உடன்படிக்கையும் அப்படித்தான்: கோட்டையும் படையும் போயின, வழிபாட்டு உரிமை நின்றது. அதையும் 1685இல் பறித்தவர் 13ஆம் லூயியின் மகன் 14ஆம் லூயி.